கத்திக்கு ஒரு காசு

பேனாவால் கோடு போட்ட சுட்டுவிரலை நீட்டியபடிதான் அவர் கடைக்குள் நுழைந்தார்.

விரல் நுனியிலிருந்து அந்தக் கோடு வரை மூன்று அங்குலமாம். அதைவிட நீளமான கத்தியைக் கல்லூரி விடுதிக்குள் விடமாட்டார்களாம்.

எங்கள் சாமான் கடை நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் பிள்ளைகளைக் கல்லூரியில் விடப்போகும் அப்பன்மார் மறந்துபோன மேசை விளக்கையோ துணி மாட்டியையோ வாங்க வந்துகொண்டே இருப்பார்கள். ஆனால் இப்படிக் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஒருவர் வந்து நான் பார்த்ததில்லை.

பெயர் ரெய்னோ. வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரைக்காரர். கல்லூரியில் சேரப்போகிறவளைக் காபி வாங்க எதிர்ப்புறம் அனுப்பியிருக்கிறாராம், அவள் திரும்புவதற்குள் கத்தி அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டுமாம்.

நான் மடக்குக் கத்திகள் இருந்த கண்ணாடி அலமாரியைத் திறந்தேன்.

முதலில் மான்கொம்புப் பிடி போட்டதை எடுத்தார். விரலோடு வைத்துப் பார்த்தார். கோட்டைத் தாண்டியது. முகம் தொங்கிப்போயிற்று.

கத்தரிக்கோல், திருப்புளி, பல்குத்தி எல்லாம் வைத்த சிவப்புக் கத்தியை நீட்டினேன். பல் குத்தவா படிக்கப் போகிறாள் என்றார். செடி கொடிகளைப் பற்றிய படிப்பு. காடு மேடெல்லாம் கூட்டிப் போவார்கள், கிளை நறுக்க வேண்டும். அதோடு ஆப்பிளைத் தோல் சீவாமல் தின்னமாட்டாள்.

"கல்லூரிக்கு முதல் பிள்ளையா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்டுல காலேஜ் வாசப்படி மிதிக்கிற முதல் ஆளு" என்றார். சொல்லும்போது ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டார்.

வீடு வெறிச்சென்று ஆகிவிடும், அழுகை வரும் என்று ஆறுதலாகச் சொல்லிவைத்தேன்.

"நேத்தே அழுதாச்சும்மா, சவுனா ஆவிக்குளியல் ரூமுக்குள்ள உக்காந்து. அங்க அழுதா வேர்வைன்னு சொல்லிக்கலாம்."

விடுதி அறையில் கூடத் தங்கப்போகும் பெண்ணை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறதாம். இவள் விடும் குறட்டையில் வீட்டு நாயே எழுந்து வேறு இடம் பார்த்துப் படுக்குமாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த கத்தியை என்னையே திறந்து பார்க்கச் சொன்னார். அதன் வில் இறுக்கமாக இருந்ததில் என் நகம் மடங்கியது. இது வேண்டாம் என்று ஒதுக்கினார். சின்னப் பெண்களுக்கு விரலில் நல்ல வலு இருக்கும் என்றேன். சிரித்தாரே தவிர, கத்தியைத் திரும்பத் தொடவில்லை.

கடைசியில் மஞ்சள் பிடிக் கத்தி. கோட்டுக்கு உள்ளேயே அடங்கியது. என் நகத்துக்கும் லேசாகத் திறந்தது. எதையும் வைத்த இடத்தை மறந்துவிடுகிறவளாம் அவள். பாசியில் விழுந்தாலும் மஞ்சள் கண்ணில் படும் என்று அவரே கண்டுபிடித்து, அவரே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கே கத்தி கிடைத்ததுபோல் சந்தோஷமாக இருந்தது.

கத்தியைச் சும்மா கொடுத்தால் அது உறவை அறுத்துவிடும், பரிசாகப் பெறுகிறவர் பதிலுக்கு ஒரு சென்ட் காசாவது தர வேண்டும். எங்கள் பக்கம் இது தெரியாதவர் இல்லை. அதனால் பரிசுக் கத்தியின் பெட்டிமேல் ஒரு சென்ட்டை நானே ஒட்டிவிடுவேன். பெறுகிறவர் அதைப் பிய்த்துத் திருப்பித் தந்தால் கணக்கு தீர்ந்தது.

அவர் பெட்டியைக் கையால் மூடிக்கொண்டார்.

"நாம ஒட்டுன காச அவ திருப்பித் தந்தா அது எப்படி விலையாகும்? என் தம்பி அவன் கூட்டாளிக்குக் கத்தி குடுத்தப்ப ரெண்டு பேரும் இப்படித்தான் காச ஒட்டி ஏமாத்துனானுங்க. இன்னிக்கு வரைக்கும் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

பிறகு குரல் இறங்கிற்று. அங்கே போய் அவள் என்ன வேண்டுமானாலும் அறுக்கட்டும், இந்த உறவை மட்டும் அறுத்துவிடக் கூடாது என்றார்.

கதவு மணி அடித்தது.

இரண்டு காபிக் கோப்பைகளோடு ஓர் அம்மாள் நின்றாள். வெள்ளைப் பின்னல். தோளில் கல்லூரி முத்திரை போட்ட புத்தம்புதுப் பை. அவளுக்குப் பின்னால் பெண் வருவாள் என்று எட்டிப் பார்த்தேன்.

யாரும் வரவில்லை.

"என்னய்யா, காபி ஆறுது. மொத நாளே என்னை லேட்டாக்கப் போறியா?"

ரெய்னோ தன் மனைவியிடம் கத்தியை நீட்டினார். அவள் கோப்பைகளை வைத்துவிட்டு, முடிச்சு விழுந்த விரல்களால் அதைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள். அவருடைய விரலில் இருந்த கோட்டைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே பையைத் துழாவினாள். சில்லறையெல்லாம் காபிக்குப் போய்விட்டது. கல்லாவின் பக்கத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கும் சென்ட் தட்டை நகர்த்தினேன். இருவரும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டி மறுத்தார்கள்.

பைக்குள்ளிருந்து காகிதம் சுற்றிய ஓர் உருளையை எடுத்தாள். விடுதிச் சலவை இயந்திரத்தில் போடுவதற்கென்று சேர்த்துக் கட்டிய இருபத்தைந்து சென்ட் காசுகள். காகிதத்தைப் புதுக் கத்தியாலேயே கீறி, ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

ஒரு சென்ட் போதுமே என்றார் அவர்.

"மிச்சத்துக்கு வெள்ளிக்கெழம அழுக்குத்துணி மூட்டையோட வீட்டுக்கு வருவேன். தோய்ச்சுப் போடு."

ரெய்னோ அந்தக் காசைச் சட்டைப் பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.