வாய்க்காலுக்கு அடியில் ஒரு கேபிள்

மனைவி ஷினூனாவை ஸாஹிர் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் கேபிள்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

மஸ்கட் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட கார் வாசலில் நின்றது. மகன் ஹாரிப் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பெருமூச்சு விட்டான். அவளோ கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"முதல்ல குழாயைப் போடு, அப்புறம் கேபிளை விடு. உள்ளே இருக்கறது கண்ணாடி இழை. எலுமிச்சை வேரைச் சுத்தி வளைச்சு இழுத்தேன்னா முறிஞ்சு போகும்!"

"அம்மா, எனக்கு இதுதான் தொழில்," என்றான் கேபிள்காரன்.

"அதான் பயமா இருக்கு."

வீட்டிலிருந்து, பேரீச்சந்தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மஜ்லிஸுக்கு இன்டர்நெட் போக வேண்டும். ஊர் ஆண்கள் வந்து உட்கார்ந்து காப்பி குடிக்கும் தனிக் கட்டடம் அது. பல மாதமாக அவளுக்கு இதே பிடிவாதம்.

"நானும் வர்றேன், ஷினூனா. கேபிள் எங்கே ஓடிடப்போகுது?" என்றார் ஸாஹிர்.

"நீங்க வந்தா வேலை நின்னுடும். நாளைக்குத்தான் ஃபலஜ் வாய்க்கால்ல தண்ணியை நிறுத்தறாங்க. வீட்டு ஆம்பளை பக்கத்துல நிக்காம அங்கே மண்வெட்டி வைக்க விடுவாங்களா? சின்ன ஆபரேஷன்தான், அபூ ஹாரிப். மஜ்லிஸ்ல நெட் வந்ததும் கிளம்பி வாங்க."

அபூ ஹாரிப், அதாவது ஹாரிபின் அப்பா, என்றுதான் அவரை எப்போதும் கூப்பிடுவாள். கார் போய்விட்டது.

மறுநாள் வாய்க்கால் வற்றியது. அதற்கு அடியில் குழாய் போனது, குழாய்க்குள் கேபிள் போனது. மஜ்லிஸில் வைத்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்த நேரம், மஸ்கட்டிலிருந்து ஹாரிப் போன் செய்தான். அழுகைக்கு நடுவே, அம்மா போய்விட்டாள் என்றான்.

துக்க நாட்கள் முடிந்து மகன் வேலைக்குத் திரும்பினான். பிறகு வீட்டில் ஸாஹிரும் தண்ணீர்ச் சத்தமும்தான்.

சாயங்காலம் வாய்க்கால் ஓரம் போய் உட்காருவார். மேலே தண்ணீர் ஓடும். அடியில் வெளிச்சம் ஓடுகிறது என்று கேபிள்காரன் சொல்லியிருந்தான். வேர்களுக்கு நடுவே ஓசையில்லாமல் நடந்துபோகும் அந்த வெளிச்சத்தை நினைத்தால் கண் சொருகும். ஷினூனாதான் கையில் விளக்கோடு வீட்டிலிருந்து மஜ்லிஸுக்குப் போகிறாள் என்று தோன்றும். கூப்பிடலாம் என்று வாயைத் திறப்பார். விழிப்பு வந்துவிடும். கூடவே கோபமும் வரும்.

என்னையும் என் இருமலையும் வீட்டை விட்டு அந்தப் பக்கம் தள்ளத்தானே இத்தனை பாடு? அதற்காக என்னை இங்கே கட்டிப்போட்டுவிட்டுத் தனியாகப் போய்ச் சேர்ந்தாளே!

ஒருநாள் அந்திநேர மக்ரிப் தொழுகை முடிந்ததும் கல்ஃபான் வந்தார். சின்ன வயதிலிருந்து சிநேகிதர்.

"எங்க வீட்டுல நெட் நொண்டுது. கொஞ்ச நேரம் உன் மஜ்லிஸ்ல உட்கார்ந்துக்கறேன்."

மறுநாள் கல்ஃபானின் தம்பி வந்தார். பிறகு தெருவே வந்தது. ஆளுக்கொரு போனோடு சுவரோரம் சாய்ந்துகொண்டார்கள்.

"செத்தவளைப் பத்தி ஒரு வார்த்தை உண்டா? ஓசி நெட்டுக்கு அலையற கூட்டம்!" என்று ஸாஹிர் கத்தினார்.

"திட்டு, நல்லாத் திட்டு. காப்பியை மட்டும் நிறுத்திடாதே," என்று கல்ஃபான் கோப்பையை நீட்டினார்.

ஒரு நாள், அவர்கள் வருவதற்கு முன்னால் ஸாஹிர் பெட்டியிலிருந்து கேபிளைப் பிடுங்கினார். வெளிச்சம் தரையில் கொட்டும் என்று எதிர்பார்த்தவர்போலச் சற்று நின்றார். ஒன்றும் கொட்டவில்லை. பச்சை விளக்கு அணைந்தது.

"இனிமே எவன் வர்றான்னு பார்க்கறேன்."

எல்லோரும் வந்தார்கள். சாய்ந்தார்கள். போனையே பார்த்தார்கள். மூலையில் பெரியவர் ஒருவர் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். மறுநாளும் அப்படியே. வாரம் முழுக்க அப்படியே.

ஸாஹிருக்குப் பொறுக்கவில்லை. மற்றவர்கள் எழுந்து போனதும் கல்ஃபானை நிறுத்தினார்.

"நெட் செத்து ஒரு வாரமாச்சு. அதுகூடத் தெரியாம அப்படி என்னத்தையா பார்க்கறீங்க?"

"தெரியும்."

"தெரியுமா?"

கல்ஃபான் கோப்பையை லேசாக ஆட்டி, போதும் என்று கீழே வைத்தார்.

"எங்க வீட்டுல போன வருஷமே நெட் வந்தாச்சு, அபூ ஹாரிப். குதிரை மாதிரி ஓடுது."

"பின்னே எதுக்கு இங்கே வர்றீங்க?"

கல்ஃபான் கதவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கியிருக்காங்க. மஸ்கட் போறதுக்கு முன்னாடி உன் வீட்டம்மா உம்மு ஹாரிப் எங்க எல்லார் வீட்டுக்கும் வந்திருக்காங்க. திரும்பி வர மாட்டோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்ட சொல்லிட்டுப் போனாங்க: 'அவர் தனியா இருப்பார்னு இரக்கப்பட்டு யாரும் போயிடாதீங்க, கதவைச் சாத்திக்குவார். ஓசி நெட்டுக்கு வந்தோம்னு சொல்லுங்க. திட்டிக்கிட்டே காப்பி போடுவார்.'"

வெளியே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மக்ரிபுக்குப் பிறகு எல்லோரும் வந்தார்கள். ஓசி நெட்டுக்கு அலைகிறவர்கள் என்று அவர் வழக்கம்போலத் திட்டினார்.

கேபிள் இன்னும் அந்த வாய்க்காலுக்கு அடியில்தான் இருக்கிறது. அதன் முனையை யாரும் திரும்பப் பெட்டியில் செருகவில்லை.