பாட்டிலுக்குள் தெளிந்த ஆறு

மழையில் தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு கெடும் என்று கணிக்கும் கம்ப்யூட்டர் மாடலுக்காக, ஏரல் பாலத்தடியில் தண்ணீர் பிடித்துவந்தாள் சண்முகவடிவு. லேப் வண்டி வந்து எடுத்துப்போகும்வரை பாட்டில்கள் ஆறுமுகநயினார் அண்ணாச்சி கடை ஃபிரிட்ஜில் இருக்கும்.

அவள் கலங்கலாகப் பிடித்த தண்ணீர், லேப்பில் பளிங்காக இருந்தது. ஒவ்வொரு மழைக்கும்!

கழிவு விடுகிற எவனோ ஒரு ஆலைக்காரன் அண்ணாச்சியை விலைக்கு வாங்கிவிட்டான் என்று முடிவுகட்டினாள். இன்று கிளம்புவதுபோல் கிளம்பி, கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள்.

அண்ணாச்சி பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, கேன் தண்ணீரை ஊற்றினார்.

பாய்ந்து வந்தாள். "எந்த ஆலைக்காரன் அண்ணாச்சி துட்டு குடுத்தான்?"

"துட்டா? ஏம்மா, பொண்ணு பாக்க வாரவங்க முன்னால புள்ளைய முகங்கழுவாமலா நிப்பாட்டுவோம்? நம்ம ஆத்துத் தண்ணிய கலங்கலா அனுப்புனா ஊருக்கு அசிங்கம்லா!"

அவள் பாட்டிலைப் பிடுங்கினாள். "போன வருசம் குடிதண்ணி டெஸ்டுக்கு வந்த சாருக்கும் இப்படித்தான் செஞ்சியளா?"

"பின்ன? நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்துட்டாருல்லா! அதுக்குப் பொறவுதான் மழைக்காலத்துலயும் ஊர்க்குழாயில ஆத்துத் தண்ணி விடுதாங்க."

பெருமையாகச் சொன்னவர், கடைக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"வாரேம்மா. பேத்தி ஆஸ்பத்திரியில கெடக்கா. ஒரே வாந்தி, வயித்துப்போக்கு. என்னத்தத் தின்னாளோ!"