வேதாவின் இருமல்

ஓய்வுபெற்றதும், வீட்டை இயக்கும் கணினிக்கு நிரல் எழுதும் வகுப்பில் சேர்ந்தேன். "வேதா இருமினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு" என்ற என் முதல் கட்டளையை, பதிந்ததா என்ற சந்தேகத்தில் நாற்பது தடவை சேர்த்துவிட்டேன். மனைவி ஒரே ஒருமுறை இருமினாள். நாற்பது ஆம்புலன்ஸ் வந்து, தெருவில் காக்கை உட்காரக்கூட இடமில்லை. கட்டளையை நீக்கும் பாடம் அடுத்த மாதம்தான். அதுவரை வேதா இருமலை விழுங்கியே வாழ வேண்டும்.

இன்று எதிர்வீட்டு ராயப்பன் நெஞ்சைப் பிடித்தபடி எங்கள் கூடத்தில் சரிந்தார். இந்தக் காலத்தில் மனிதர் கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வராது; வீடுதான் கூப்பிட வேண்டும். எங்கள் வீட்டுக்குத் தெரிந்ததோ வேதாவின் இருமல் மட்டும்.

"இருமு வேதா."

"மூணு வாரமா அடக்கச் சொன்னீங்க. இப்ப வரமாட்டேங்குது."

"மிளகாயை வறுங்கம்மா," என்று முனகினார் ராயப்பன்.

வறுத்தோம். நெடியில் நான் இருமினேன், ராயப்பனும் இருமினார். வேதாவுக்கும் தொண்டைவரை வந்தது. பழக்கதோஷம், முந்தானையால் வாயைப் பொத்தி விழுங்கிவிட்டாள்.