அணைக்கட்டில் முதலை

"முதலையா? உங்க அணையிலயா அத்தான்?"

கேட் வாசலில் நின்று மைத்துனன் கத்தினான். அவன் பின்னால் தெருவே திரண்டு நின்றது. கையில் தூண்டில், தோளில் துண்டு, இடுப்பில் காற்றடைத்த டியூப்.

பல் டாக்டர் வாயைத் திறக்கவில்லை. ஓய்வுபெற்ற கையோடு, சொந்த நிலத்தில் ஓடையை மறித்து மண் கரை போட்டு, இரண்டு படகும் விட்டிருந்தார். ஞாயிறு தவறாமல் அக்கம்பக்கம் வந்து குளித்துக் கூத்தடிக்கும்.

இன்று கேட்டில் பூட்டு. மேலே போர்டு: 'முதலை இருக்கிறது. உள்ளே வராதீர்கள்.'

"போன ஞாயிறு நான் நீந்தினப்ப இல்லாத முதலை, இந்த வாரம் பஸ் பிடிச்சு வந்துச்சா?"

"நம்மளை விரட்ட ஒரு சாக்கு. கஞ்சப் பிசினாரி!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

டாக்டரின் மனைவிக்கு அவமானமாக இருந்தது. "பூட்டணும்னா பூட்டிக்குங்க. இந்தப் பொய் எதுக்குங்க? என் தம்பி முகத்துல எப்படி முழிப்பேன்?"

தம்பி லேசுப்பட்டவனா? வனத்துறை அதிகாரியையே கையோடு கூட்டி வந்திருந்தான்.

"சார், முதலை இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்."

டாக்டர் அதிகாரியை மட்டும் உள்ளே விட்டார்.

சுற்றிப் பார்த்த அதிகாரி முறைத்தார். "இதுல தவளை இருந்தாலே அதிசயம். பெரிய மனுஷர் இப்படிப் புளுகலாமா?"

"இந்தப் பக்கம் வாங்க. பார்த்து..."

சொல்லி முடிப்பதற்குள் அதிகாரி கரைமேல் கால் வைத்துவிட்டார். பொதுக்கென்று முழங்கால் வரை உள்ளே போனது. டாக்டர்தான் இழுத்துப் போட்டார்.

"உள்ளுக்குள்ள மண் கரைஞ்சு போச்சு சார். தண்ணியை மெதுவா வடிச்சுட்டு இருக்கேன். உடைஞ்சா கீழே என் காலி நிலம்தான், போகட்டும். மேல ஏறுறவங்களை நினைச்சாத்தான் பயமா இருக்கு."

"அதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"முதல்ல அதைத்தான் எழுதி வெச்சேன். 'கரை பலவீனமாக இருக்கிறது, ஏறாதீர்கள்'னு. எவ்வளவு பலவீனம்னு பார்க்க, என் மச்சான் குடும்பத்தோட ஏறிக் குதிச்சுப் பார்த்தான்."

அதிகாரி ஒரு காலில் சேறு சொட்டச் சொட்ட கேட்டுக்கு வந்தார். கூட்டம் நெருக்கியது.

"சொல்லுங்க சார், முதலை இருக்கா?" என்றான் மைத்துனன்.

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒண்ணு இல்லப்பா, ரெண்டு. பெருசு முட்டை வேற போட்டிருக்கு."