பாலில் தண்ணீர்

“பச்சக் கொழந்த குடிக்கற பால்ல தண்ணி கலக்க எப்படிங்கண்ணா மனசு வந்துச்சு?”

தக்காளி மண்டிக்குக் கிளம்பிய குரு, வண்டியை நிறுத்திவிட்டு வாசலிலேயே கத்தினான். பால்காரர் வெங்கடாசலம் கேனும் கையுமாக விக்கித்து நின்றார். தெரு கூடிவிட்டது. பால்காரர் மேல் பழி விழுந்தால் யாரும் சாட்சி கேட்பதில்லை.

“என் மாட்டு மேல சத்தியம் தம்பி, சொட்டுத் தண்ணி கலக்கலைங்க. காத்தால டீ குடிச்சீங்கல்ல, அது எப்படி இருந்துச்சு?”

“டீ கெட்டியாத்தான் இருந்துச்சு. ராத்திரி பாட்டில் குடுத்து பாப்பாவத் தூங்க வெக்கறது நாந்தானுங்களே! அரிசி கழுவுன தண்ணியாட்டம் இருக்குது. பாதியாவது பாலா இருக்க வேணாமா?”

வெங்கடாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சுத்தமான பால் என்று பேர் வாங்குவதற்குள் மனிதருக்குத் தலை நரைத்திருந்தது. அந்தப் பேர் இப்போது தெருவில் கிடந்தது.

“வாங்க, மாரியாத்தா கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்றேன். அப்பறம் இந்த வூட்டுப் பக்கமே வர மாட்டேன்” என்று கேனைத் தூக்கினார்.

கற்பூரம் என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், குருவின் மனைவி கோகிலவாணி இடுப்பில் குழந்தையோடு ஓடிவந்தாள்.

“ஏங்க, அண்ணன் மேல பழி போடாதீங்க! தண்ணி கலந்தது நாந்தான்.”

குரு அவள் பக்கம் திரும்பினான்.

“பல் டாக்டரம்மா நம்ம ரெண்டு பேருகிட்டயும் சொன்னாங்கல்ல? பாட்டில வாயில வெச்சுக்கிட்டே தூங்கினா பல்லு சொத்தையாயிடும், கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணிய அதிகமாக்கி வெறுந்தண்ணிக்குப் பழக்கிடுங்கன்னு. இவ சிணுங்குனாலே நீங்க தாங்க மாட்டீங்க. அதான் சொல்லல. இப்ப பாதிக்குப் பாதி ஊத்தறேன். அழுவாமத்தான தூங்கறா?”

பாப்பா முன்பல் தெரியச் சிரித்தாள். வெங்கடாசலமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். குரு மட்டும் தலையைச் சொறிந்தான்.

“நீயே பாதி ஊத்திட்டியா?” என்றான் மெதுவாக. “உனக்கு மனசு தாங்காதுன்னு நானும் பாதி ஊத்துனேனே!”