நாற்பத்தொன்றும் ஒத்து வரவில்லை

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கல்லுடைப்பவன் முணுமுணுப்பது அவன் பெண்டாட்டிக்கு நன்றாகவே கேட்டது. வேலை விட்டு வந்ததும் செல்போனோடு அங்கே போய் ஒதுங்குவது ஒரு வாரமாக நடக்கிற கூத்து.

“இருபத்து மூணு ஒத்து வரல. இருபத்தொம்பதும் சரிப்படல.”

அவள் தகரத்தில் காதை வைத்தாள். எந்தத் தரகனிடம் இப்படி வயசு சொல்லிப் பெண் கேட்கிறான்?

“முப்பத்தேழும் இல்ல. நாப்பத்தொன்னும் ஒத்து வரல, தள்ளு.”

நாற்பத்தொன்று அவளுடைய வயது.

சேலைகளைப் பையில் திணித்துக்கொண்டு, மறு கையில் கல்லுடைக்கிற சுத்தியலோடு அவன் முன்னால் போய் நின்றாள்.

“இத்தனை வருசம் ஒன்னோட கல் சுமந்தவ இப்ப ஒத்து வரலியா? யாருய்யா அவ?”

அவன் சுத்தியலைப் பார்த்தபடியே போனை நீட்டினான். அதில் யாரும் பேசவில்லை, கால்குலேட்டர்தான் திறந்திருந்தது.

“நம்ம மக சொன்ன கணக்குடி. பத்து லட்சத்து மூணை மீதியில்லாம வகுக்கவே முடியாதாம். அவ்வளவு பெரிய எண்ணுக்கு ஒரு துணைகூடவா இருக்காதுன்னு ஒவ்வொன்னாப் போட்டுப் பாக்கறேன். நாப்பத்தொன்னுக்கும் மீதி பதிமூணு நிக்குது.”

சுத்தியல் கொஞ்சம் இறங்கியது.

“அப்ப எதுதான் ஒத்து வருமாம்?”

“தன்னையும் ஒன்னையும் தவிர வேற எதுவும் ஒத்து வராதாம்.”

அது எந்த ‘ஒன்னை’ என்று அவள் கேட்கவில்லை. சுத்தியலை அங்கேயே போட்டுவிட்டுப் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.