சுழி போட்ட வோட்டு

அந்த வாக்குச்சீட்டின் மேல்மூலையில் ஒரு பிள்ளையார் சுழி இருந்தது.

மேயர் தேர்தலின் வாக்கு எண்ணும் மேசையில் தன் வேட்பாளரின் முகவராக உட்கார்ந்திருந்த இரவிச்சந்திரன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சுழிதான், அடியில் கோடும் இருந்தது. எழுதியதுபோல இல்லை, பார்த்துப் பார்த்து வரைந்ததுபோல இருந்தது. அதற்குக் கீழே, எதிராளியின் பெயருக்கு நேரே, அழுத்தமாக ஒரு புள்ளடி.

எண்ணிக்கொண்டிருந்த பிரெஞ்சுப் பெண்மணி சீட்டைத் தலைகீழாகத் திருப்பி, இது நத்தையா என்று கேட்டார். இரவிச்சந்திரன் உற்சாகமாக விளக்கினார். எங்கள் ஆட்கள் எதை எழுதத் தொடங்கினாலும் முதலில் போடுகிற குறி இது. போட்டது யார் என்று காட்டிக்கொடுக்கும். ஆளைக் காட்டுகிற அடையாளம் இருந்தால் சீட்டுச் செல்லாது அல்லவா? பெண்மணி விதிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சீட்டைத் தள்ளுபடியானவற்றோடு வைத்தார்.

எதிராளிக்கு ஒரு வோட்டுக் குறைந்த சந்தோஷம் கார் வரைக்கும்கூட நிலைக்கவில்லை. போட்டது யார்?

அந்தப் பெட்டி, நகரத்தின் ஓரத்துத் தீவான இல்-பிசாரில் அவருடைய தெருவும் அக்கம்பக்கத்துத் தெருக்களும் வாக்களித்த பெட்டி. அங்கே தமிழ் வீடுகள் மூன்றுதான். அம்புறோஸ் வீட்டார் கத்தோலிக்கர், சிலுவை போட்டாலும் சுழி போடமாட்டார்கள். முகமது யாசின் குடும்பத்துக்கு இன்னும் வாக்குரிமை வரவில்லை. மிச்சம் இருப்பது அவருடைய வீடு.

வரியைக் குறை, ரோட்டை அகலமாக்கு, மற்றதையெல்லாம் இருந்தபடி விடு. இதுதான் அவருடைய பக்கம். மாகாணத் தேர்தல் வந்தால் சுற்றுவட்டாரமே இந்தப் பக்கம் சாயும். நகரத்துக்கு மேயர் என்று வந்தால் மட்டும், பஸ் விடுகிறேன், சைக்கிள் பாதை போடுகிறேன் என்கிற ஆள் வென்றுவிடுவார். ஏன் என்பது அவருக்கு வெகுநாள் புதிர். நகர நடுவில் வாடகைக்கு இருக்கிற இளசுகளின் வேலை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லியிருந்தார். இந்த முறை அதையே சொல்லி நின்ற எதிராளிப் பெண்ணுக்கு 'பஸ்காரி' என்று பெயரும் வைத்திருந்தார்.

அவருடைய வேட்பாளரிடம் நெஞ்சில் கைவைத்து, என் வீட்டு மூன்று வோட்டும் உங்களுக்கே என்று சொல்லியிருந்தார். இப்போது அந்த மூன்றில் ஒன்று அவருக்குத் தெரியாமல் கைமாறியிருக்கிறது.

மகள் கஜந்தினியாக இருக்க முடியாது. வீட்டில் தமிழ் பேசுவாளே தவிர ஓரெழுத்து வாசிக்கத் தெரியாது. குளிர்பெட்டியில் பெயர் எழுதி வைத்திருக்கும் கறியைக்கூட மணந்து பார்த்துத்தான் எடுப்பாள். அப்படியென்றால் மனைவி.

மறுநாள் காலை குளிர்பெட்டியைத் திறந்தார். இந்திராதேவி அடுக்கி வைத்திருந்த கறிப் பெட்டிகள் ஒவ்வொன்றின் மூடியிலும் முதலில் சுழி, கீழே கறியின் பெயர்.

"நண்டுக்குமா பிள்ளையார்?"

"பழகின கை. விடியக் காலமை ஏன் நண்டை ஆராயிறியள்?" என்றாள் இந்திராதேவி, சப்பாத்து நாடாவைக் கட்டியபடி. டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை அவளுக்கு. பஸ் ஒன்று தவறினால் அடுத்ததற்குக் குளிரில் நிற்க வேண்டும். கார் அவரோடு, அவர் வேலை செய்கிற புவாண்ட்-கிளேருக்குப் போய்விடும். அவருடைய வேலை தொடங்குவது பிந்தி.

"வோட்டுப் பேப்பரிலையும் கை பழகிப்போச்சோ, இந்திரா?"

அவள் நாடாவை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். மறைக்கிற முகமாக அது இல்லை.

"ஓம், நான் பஸ்காரிக்குத்தான் போட்டனான். ஆனா சுழி போடேல்லை. அடையாளம் இருந்தால் கழிச்சுப் போடுவினம் எண்டு எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னது நீங்கள்தானே."

முதல் பாதி அவரைச் சுட்டது. இரண்டாம் பாதியில் ஒரு பிழையும் இல்லை, சொன்னது அவர்தான். ஒரு வோட்டைத் தேடப் போக இரண்டாவது வோட்டும் காணாமல் போயிருந்தது. அவள் பொய் சொல்கிறாளோ என்று மூடியிலிருந்த சுழியை மறுபடி உற்றுப் பார்த்தார். ஒரே இழுப்பில் ஓடிய கை. நேற்றுப் பார்த்தது இது இல்லை.

பல்கலைக்கழகத்துக்குப் பையை மாட்டிக்கொண்டு கஜந்தினி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். இரண்டு பஸ், பிறகு மெற்றோ. அவளுக்கும் அவசரம்.

"அம்மாவை ஏன் அப்பா கரைச்சல் படுத்துறியள்? அது நான்."

இரவிச்சந்திரன் திரும்பினார்.

"சோதினைப் பேப்பரிலை முதல் சுழி கீறச் சொல்லி அம்மா சின்னனிலை காட்டித் தந்தவ. அதைக் கீறாமல் நான் ஒரு சோதினையும் எழுதினதில்லை. இது என்ரை முதல் வோட்டு." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "அதை எண்ணினவையோ?"

நத்தையா என்று கேட்ட பெண்மணியின் முகம் அவருக்கு நினைவு வந்தது. கையிலிருந்த கார் சாவியை உருட்டினார். பதில் சொல்ல முடியாத இடத்தில் மனிதனுக்குக் கோபம் வருவது வழக்கம், அவருக்கும் வந்தது. ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு இரண்டு பேரும் இப்படி மாறிப் போடுவதற்கு அந்தப் பஸ்காரி என்னதான் தந்தாள் என்று கேட்டார்.

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவர் கையைப் பார்த்தார்கள்.

"இந்த வீட்டிலை வோட்டு மூண்டு, அப்பா," என்றாள் கஜந்தினி, கதவைத் திறந்தபடியே. "கார் ஒண்டுதானே."